சம்மனசு இறங்கிவந்த ஐந்து ஞாயிறுகள்

படம் போடுகிறவன் படம் பார்ப்பதில்லை. அவன் வெளியே நின்று ஜெனரேற்றரைப் பார்ப்பான், உள்ளே சனம் அழுகிறதா சிரிக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் அறிவான். வன்னியில் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் ரீவியையும் கசெற் போடுகிற டெக்கையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்வது பொய்யில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை என்று ஒருவர் பத்துப் பேர் முன்னால் சொன்னார். அவரும் இதில் வருகிறார்.

அறை கிடைத்த விதம்

கிளிநொச்சியில் எனக்கு வீடியோக் கடை இருந்தது. இடம்பெயர்ந்து முள்ளியவளைக்கு வந்தபோது மிஞ்சியது ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு சின்ன ஜெனரேற்றர், இழுப்பு வருத்தம் உள்ள என் மனுசி. அங்கே சனசமூக நிலைய மண்டபத்தின் பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஞாயிறு பின்னேரங்களில் சனத்துக்குப் படம் போட்டால் அறையில் இருக்கலாம் என்று அவர் சொன்னார். ரிக்கற் எல்லாம் இல்லை. வருகிற ஒவ்வொரு வீடும் ஒரு சின்னப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஜெனரேற்றருக்கு என்று வைத்த கானுக்குள் ஊற்ற வேண்டும். பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடேற்றிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது என் வேலை. எண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது.

கொஞ்ச நாளில் மாஸ்டருக்கு அந்த அறையில் நூலகம் வைக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரைப் பக்கத்துத் தேவாலயப் பாதர் ஒரு வெளிநாட்டுப் படம் கொண்டுவந்து தந்தார். இரண்டு கசெற். மனிசராக வாழ ஆசைப்படும் தேவதூதரைப் பற்றிய கவிதைப் படமாம். மாஸ்டர் உடனே, "நாலு ஞாயிறு இதைப் போடுவம். சனத்துக்கு ரசனை வருதோ பாப்பம். மண்டபம் நிறையாட்டி ஐப்பசி பிறக்க முதல் அறையை விடும்" என்றார். மாரி தொடங்கினால் இழுப்புக்காரியை நான் எந்த மரத்தின் கீழ் கொண்டுபோய் வைப்பது? படம் என்ன கதை, சனத்துக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். அங்கிருந்த பத்துப் பேருக்கும் கேட்க அவர் சொன்னார்: "நீர் சுவிச்சைப் போடும். விளங்கப்படுத்திற வேலை என்னோட."

செருப்பும் முக்காடும்

முதல் ஞாயிறு மண்டபம் நிறைந்தது. பூசை முடிந்து கரையிலிருந்து கடற்றொழில் செய்கிற குடும்பங்கள் சைக்கிளிலும் நடந்தும் வந்தன. அவர்கள் தேவதூதரைச் சம்மனசு என்பார்கள். சம்மனசுப் படம் என்று கேள்விப்பட்டதால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளிச்சம் வராமல் நான் சுற்றிவரப் படங்கு கட்டியிருந்தேன். உள்ளே கோயில் மாதிரி அமைதி.

படத்தில் ஒரு துறைமுகப் பட்டினம். கூரை ஒன்றில் இரண்டு ஆண்கள் சும்மா இருக்கிறார்கள். பழைய காற்சட்டை, கசங்கிய சேட், முதுகில் சிறகு இல்லை. இவர்களை ஒருவரும் காண்பதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்த பிறகு, முன்வரிசையிலிருந்த பிரகாசியம்மா எழும்பி வாசலுக்கு வந்தா. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத மனுசி அவா. முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டா: "தம்பி, உதுகள் சம்மனசெண்டால் செட்டை எங்க? கழுவிக் காயப் போட்டிருக்கினமோ?"

காற்று மாறுகிறது

அந்தப் படத்தில் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் கடல் மட்டும் வரும். ஆளும் இல்லை, பேச்சும் இல்லை. மாஸ்டர் டெக்கை நிற்பாட்டச் சொன்னார். படம் அப்படியே நடுங்கிக்கொண்டு நிற்க, முன்னால் வந்து கைகட்டி நின்று, இது கடல் அல்ல, தனிமையின் படிமம் என்றார். படிமம் என்றால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அவரிடம் கேட்கவும் மாட்டேன்.

கரைவலைக்குப் போகிற அந்தோனி பின்னுக்கிருந்தார். அவர் அவ்வளவு நேரமும் அந்தக் கடலைக் கண்வெட்டாமல் பார்த்தவர். மாஸ்டரைவிட அவர்தான் கவனமாகப் பார்த்தார் என்று சொல்வேன். அவர் எழும்பாமலே சொன்னார்: "தனிமை இல்லை மாஸ்டர், அந்த அலையின்ர தலையைப் பாருங்கோ. காத்து மாறுது. வள்ளம் போனவங்கள் கெதியாத் திரும்பாட்டி அவ்வளவுதான்."

பாஸ் இல்லாத ஆள்

இரண்டாம் ஞாயிறு பாதிப் பேர்தான் வந்தார்கள். அதிலே நல்லதம்பியண்ணை ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வயல் செய்கிறவர். மகளுக்கு வருத்தம், வன்னியை விட்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இயக்கத்திடம் பாஸ் என்கிற அனுமதித் துண்டு கேட்டு மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்தார்.

படத்தில் ஒரு சம்மனசு பேக்கரிக்குள் போகிறது. பாண் போடுகிற பெண் தனியாக இருந்து சாப்பிடுகிறாள், எதிரே வெறும் கதிரை. சம்மனசு எரிகிற போறணைக்குள், பாண் அடுப்புக்குள், கையை விடுகிறது. கை சுடவில்லை. அதுதான் அதற்குக் கவலை. மாஸ்டர் மறுபடியும் டெக்கை நிற்பாட்டி, பசி, சூடு, நோ எல்லாம் வேண்டும் என்று இந்தத் தேவதூதன் ஏங்குகிறான், மண்ணுக்கு இறங்கிவரப் போகிறான் என்றார். நல்லதம்பியண்ணைக்குப் பொறுக்கவில்லை. "இவனுக்கென்ன விசரோ? ஆள்பிணை வைச்சும் எங்களுக்கு வெளியில போகப் பாஸ் கிடைக்குதில்லை. இவன் ஒரு துண்டும் இல்லாமல் மேலயிருந்து உள்ளுக்கு வாறான்!"

எண்ணெய் யாருடையது

மூன்றாம் ஞாயிறு பதினொரு பேர். மாஸ்டருக்கு அது பிரச்சினையில்லை, விளக்கம் இன்னும் நீண்டது. டெக் நின்றாலும் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது படித்தவருக்கு விளங்கவில்லை. மூன்று கிழமையும் முதல் கசெற் முடிகிற நேரம் கானும் காய்ந்துவிட்டது. இரண்டாவது கசெற்றை அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. சம்மனசு இறங்கியதா இல்லையா என்று தெரியாமலே சனம் வீட்டுக்குப் போனது.

அன்றைக்கு அவர் ஏழாம் முறை டெக்கை நிற்பாட்டியபோது பிரகாசியம்மா எழும்பி வெறும் போத்தலைக் கையில் எடுத்தா. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு ஞாயிறுதான், சாமான்களைக் கட்டத் தொடங்கும் என்றார். மனுசி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிரகாசியம்மாதான் திரும்பிச் சொன்னா: "மாஸ்டர், அந்தாளை ஏன் கலைக்கிறியள்? நீங்கள் கதைச்சதெல்லாம் எங்கட எண்ணெயில."

கஞ்சி

நாலாம் ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்கையில் மாஸ்டருக்கு மலேரியா. அவருடைய மனைவி அதற்கு முந்திய வருடம் இறந்துபோனா, பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. என் மனுசி கஞ்சி வைத்து என்னிடம் தந்துவிட்டாள். நான் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். கொடுத்தது அவள்தான், நானில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

விறாந்தையில் போர்வைக்குள் கிடந்தபடி அவர் என்னைப் பார்த்தார். சுகம் கேட்டேன். பல்லுக் கிடுகிடுக்கச் சொன்னார்: "நான் இல்லையெண்டு நீர் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டுப் படத்தைக் கெடுத்துப் போடாதையும்."

கசெற் மாறியது

கசெற்றில் பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் காயவைப்போம், இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கிழமை இரண்டையும் காயவைத்ததில் ஒன்று, இரண்டு என்று எழுதி ஒட்டியிருந்த துண்டுகள் கழன்று பறந்துவிட்டன. ஒரு குத்துமதிப்பில் கையில் வந்ததைப் போட்டேன். மாஸ்டருக்குக் காய்ச்சல், விளக்கம் இல்லை என்று ஊரெல்லாம் தெரிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. முந்திய ஞாயிறுகளில் ஜெனரேற்றரோடு நின்று துண்டுதுண்டாகத்தான் பார்த்திருந்தேன், அதனால் தொடக்கத்தில் பேர் ஓடாதது பிடிபடவில்லை; அன்றைக்குத்தான் வாசலில் நின்று முழுதாகப் பார்த்தேன்.

ஒருவன் வெறுங்காலோடு துறைமுகத்தில் குளிரில் நடுங்குகிறான். பேக்கரியில் பாண் கேட்கிறான். போறணையில் விரல் சுடுகிறது, சுட்ட விரலை வாய்க்குள் வைத்துச் சிரிக்கிறான். பிறகு அங்கேயே வேலை, அந்தப் பெண்ணோடு ஒரே மேசையில் சாப்பாடு. மழையில் நனைந்து காய்ச்சலில் விழுகிறான். அவள் நெற்றியில் கைவைக்கிறாள். கசெற் முடிந்தது. மற்றதைப் போட்டேன். படத்தின் பேர் ஓடத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. முடிவை முதலில் போட்டுவிட்டேன். கானில் மிச்சமிருந்த எண்ணெய் இந்த ஒரு கசெற்றுக்குத்தான் காணும், மாற்றிப் போட வழியில்லை. அதே ஆள் இப்போது கூரையில் இருக்கிறான், ஒருவர் கண்ணுக்கும் அவன் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டா, "ஐயா, காய்ச்சலில ஆள் செத்திட்டுதோ?" அறை போனால் நனையப்போகிற மனுசியின் முகம் நினைவுக்கு வந்தது. "ஓம், செத்திட்டுது" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. போறணைக்குள் கைவிட்டான், சுடவில்லை. அவள் தனியாகச் சாப்பிடுகிறாள், எதிரே வெறும் கதிரை, அவன் பின்னால் நிற்கிறான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தது. கடைசியில் அவன் பேக்கரி வாசலில் நின்று, காலைத் தூக்கி உள்ளே வைக்கிறான். படம் முடிந்தது. பிரகாசியம்மா எழும்பவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணுக்குச் சொன்னா: "அந்தாள் வீட்டுக்கு வந்திட்டுது, பிள்ளை."

வெளியே சைக்கிள் எடுக்கும்போது அந்தோனிக்கு ஒரு சந்தேகம். கூரையில் இருக்கிற இடம் மற்ற ஞாயிறுகளில் முதலில் அல்லவா வந்தது என்றார். நான் கானைக் கழுவுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். நல்லதம்பியண்ணை தீர்ப்புச் சொன்னார்: "அப்ப விளங்கேல்லையே? இவ்வளவு நாளும் மாஸ்டர் பிழையாப் போடுவிச்சிருக்கிறார்."

ஐந்தாம் ஞாயிறு

மாஸ்டர் காய்ச்சலில் கிடந்ததால் எங்களை அறையிலிருந்து எழுப்ப ஆள் வரவில்லை. ஐந்தாம் ஞாயிறு மாங்குளத்திலிருந்தும் சைக்கிள்கள் வந்தன. மண்ணெண்ணெய் கானுக்கு மேலால் வழிந்தது. சனம் கேட்டது அந்தப் படத்தைத்தான், போன ஞாயிறு போட்ட மாதிரி. நான் அப்படியே போட்டேன். பாதியில் சால்வை போர்த்துக்கொண்டு மாஸ்டர் வந்து நின்றார். இரண்டாவது கசெற்றில் பேர் ஓடியதும் முன்னால் பாய்ந்தார். "நிப்பாட்டும்! கசெற் மாறிப்போச்சு, இது பிழை!" என்றார். நான் டெக்கில் கைவைத்தேன். அறைப் பூட்டின் திறப்பு என் சேட் பையில் இருந்தது, அன்றைக்கே கேட்பார் என்று தெரியும். பிரகாசியம்மா சொன்னா: "மாஸ்டர், இருங்கோ. மறைக்கிறியள்."

அவர் இருந்தார். வேறு இடமில்லை, பெண்களுக்குப் பக்கத்தில் நிலத்தில்தான். சம்மனசு வெறும் கதிரைக்குப் பின்னால் நின்றபோது அவரைப் பார்த்தேன். சால்வையை முகத்தில் வைத்திருந்தார், காய்ச்சல் வியர்வையாகவும் இருக்கலாம். படம் முடிந்து எல்லோரும் போகும்வரை அவர் எழும்பவில்லை. நான் போய்த் திறப்பை நீட்டினேன். சுடுசொல் கேட்கத் தயாராகத்தான் நின்றேன், திருப்பிச் சொல்லவும் இரண்டு வைத்திருந்தேன். அவர் திறப்பை வாங்கவில்லை. ரீவியின் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மழைக்கு முதல் அந்த அறைக் கூரைக்கு ரெண்டு வரிசை கிடுகு மாத்தும். வாற ஞாயிறும் இப்பிடியே போடும்."

படத்தைச் சரியாகப் போட்ட மூன்று ஞாயிறும் எனக்கு அறை போகப் பார்த்தது, பிழையாகப் போட்ட இரண்டு ஞாயிறில் அந்த மாரி முழுக்க மனுசி நனையாமல் இருந்தாள், ஆனாலும் மாஸ்டரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.