கூரைக்குக் கீழே கிடந்த ஜாடி

இந்த நாட்டுக்கு வந்து சான்ட்ரிங்ஹாம் பகுதியில் வாடகைக்கு இருந்தபோது, ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் எனக்கு ஆறு மாத வேலை கிடைத்தது. பெட்டிகளில் இருந்த பழம்பொருட்களைப் படமெடுத்து, கூட வந்த காகிதங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். மேற்பார்வையாளர் மதுரைக்காரர், ஏறத்தாழ என் வயதுப் பெண்.

ஒருநாள் ஒரு மண்ஜாடியின் உடைந்த கைப்பிடியைத் தந்தார். பழைய யூதா நாட்டின் லாகீஸ் நகரத்தில் தோண்டியெடுத்தது. சுடுமுன் ஈரக் களிமண்ணில் பதித்த முத்திரையில், 'அரசனுக்குரியது' என்று எபிரேய எழுத்து. ஒரு பக்கம் கறுத்திருந்தது. அழுக்கென்று நினைத்து ஈரத்துணியை எடுத்தேன்.

"துடைக்காதீங்க. அது ஊர் எரிஞ்ச கரி," என்றார்.

லாகீஸ் இரண்டு தடவை எரிந்ததாம். முதலில் அசீரியர் கொளுத்தினார்கள். நூறு வருடத்துக்கும் மேல் கழித்துப் பாபிலோனியர். பெட்டியிலிருந்த விவர அட்டை எங்கள் ஜாடியை இரண்டாம் தீயின் காலத்தில் வைத்திருந்தது.

மதியம் அகழாய்வுக் குறிப்புகளை ஏற்றும்போது ஒரு வரைபடத்தைக் கண்டேன். மண்ணில் இரண்டு சாம்பல் அடுக்குகள். கைப்பிடி கிடந்தது கீழடுக்கில், இடிந்து விழுந்த கூரைக்கும் தரைக்கும் இடையில்.

"இது பிந்தின ஜாடியா இருக்கேலாது," என்றேன். "முதல் தீ வந்த அண்டைக்கே இது தரையில இருந்திருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்கட வீட்டில ஷெல் விழுந்து எரிஞ்சது. திரும்பிப் போய் கூரை ஓடுகளையும் கரியையும் அள்ளினம். அடியில சோத்துப்பானை. அண்டைக்குக் காலமை சமைச்சது."

அவர் உடனே எழுந்தார். அலமாரியிலிருந்து அகழாய்வு அறிக்கைகளை எடுத்து வந்தார். இருவரும் படித்தோம். இந்த முத்திரைகளின் காலம் பற்றி அறிஞர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். பிந்திய அகழாய்வு முதல் தீயின் காலத்தையே உறுதிசெய்திருந்தது. எங்கள் அட்டையை மட்டும் யாரும் திருத்தவில்லை. அசீரியப் படையை எதிர்கொள்ள யூதா அரசன் ஊரூராக எண்ணெயும் திராட்சைமதுவும் சேர்த்ததற்கு அந்த ஜாடிகள் சாட்சி என்று பலர் எழுதியிருந்தார்கள்.

புதிய பதிவில், 'கவனித்தவர்' என்று என் பெயரை அவர் தட்டச்சு செய்தார்.

"என்ர பேர் வேண்டாமே."

"படிச்சவங்க நிறையப் பேர் இதைத் தாண்டிப் போயிருக்காங்க. பார்த்தது நீங்கதான்."

இந்த நாட்டுக்கு வந்தபிறகு அந்த வீட்டைப் பற்றி நான் கதைத்த சிலரும் "பாவம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். நான் பட்டதை ஓர் அறிவாக எடுத்துக்கொண்டவர் அவர்தான். இப்போது பிளாக்ஹவுஸ் பே பகுதியில் வேறு வேலை செய்கிறேன். இன்றைக்கும் அவரை நினைத்தால் மனம் நிறைகிறது.