நூறு அடித் திமிங்கிலம்

"மிஸ்... இத எதுக்குள்ள வைக்கிறது?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை தர்ஷினி என்னிடம் இப்படிக் கேட்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. பக்க அடையாளத்துக்காகப் புத்தகத்தில் செருகும் அட்டை ஒன்றைச் செய்து கையில் வைத்திருந்தாள். கொழுந்து வடிவில் வெட்டி, பச்சை தீட்டி, காம்பில் நூல் கட்டியது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"புத்தகத்துக்குள்ளதான்மா."

"எங்க வீட்ல பாடப் புஸ்தகம் மட்டுந்தான் மிஸ் இருக்கு. அதுல ஸ்கூல்ல சொல்ற பக்கத்தத்தான் தொறப்போம்."

சுருக்கென்றது. மூன்று வாரமாக ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய், 'வாசிப்பு முகாம்' என்ற பெயரில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? முதல் வாரம் காகித முகமூடி. அடுத்த வாரம் விரல் பொம்மை. பிறகு இந்த அட்டை. தரையெல்லாம் கோந்து, தலையெல்லாம் ஜிகினா. எல்லாம் நடந்தது - வாசிப்பைத் தவிர!

புத்தகங்கள் இல்லாமல் இல்லை. அம்மாக்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவமாக இருந்த கட்டடம் அது. இப்போது வாசிகசாலை. சுவரோரம் கண்ணாடி அலுமாரி. உள்ளே பளபளவென்று புத்தகங்கள். அலுமாரிக்குப் பூட்டு. சாவி, பொறுப்பாளர் ஸ்டெல்லாவின் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில்.

"ஸ்டெல்லா, இன்னைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்" என்றேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. "எல்லாத்துக்கும் நாந்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன் டீச்சர். ஒன்னு ரெண்டு தொலைஞ்சா வாசிகசாலையவே மூடிருவாங்க. நீங்க பேப்பர்ல எழுதிட்டுப் போயிருவீங்க. நான் இங்கதானே இருக்கணும்?"

நியாயமான கோபம். ஆனால் எனக்கு அப்போது நியாயம் தேவைப்படவில்லை, சாவிதான் தேவைப்பட்டது. வாசலுக்கும் அலுமாரிக்கும் நடந்தேன். மறுபடி நடந்தேன். எனக்கு ஒன்று மனதில் விழுந்துவிட்டால் உட்கார வராது. கடைசியில் ஸ்டெல்லா என்னைப் பார்த்தே களைத்துப்போய்ப் பூட்டைத் திறந்தார்.

பிள்ளைகள் பாய்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஸ்டெல்லா ஒவ்வொரு பெயராகக் கொப்பியில் எழுதினார். பக்கத்திலேயே புத்தகத்தின் விலையையும் குறித்தார். அதையும் பார்த்தேன்... பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தர்ஷினி எடுத்தது கடல் விலங்குகள் பற்றிய பெரிய படப் புத்தகம். கடலையே பார்த்திராத பிள்ளை. பஸ்ஸுக்கு ஓடிய என்னை வாசலில் மறித்தாள். "மிஸ், நீலத் திமிங்கிலம் நூறு அடியாம். நூறு அடின்னா எவ்வளவு? எங்க லயத்து வீட்டு வரிச அளவு இருக்குமா?"

"நீயே அளந்து சொல்லேன்" என்று ஓடிவிட்டேன்.

அந்த வாரம் மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லாவின் போன்.

"டீச்சர், கீழ் லயத்துக்குப் பின்னால மண்ணு இறங்கிருச்சு. எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க."

"யாருக்கும் ஒன்னும் ஆகலியே?"

"மாதாவே காப்பாத்தினாங்க. ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல. ஆனா டீச்சர்..."

ஆனால் என்ன என்று அவர் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது. பாதையும் மூடப்பட்டுவிட்டது.

அந்த ஐந்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன்? தேத்தண்ணி போட்டேன், ஆறவிட்டேன், மறுபடி சுடவைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் 'பாதை திறந்தாச்சா?' என்று கேட்டுக் கேட்டு, அங்கிருந்தவர்கள் என்னைக் கண்டதுமே இல்லையென்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் ஈரத் தரையில் படுத்திருப்பார்களே என்ற கவலை. அதன் கூடவே, 'புத்தகங்கள் என்னவாயிருக்கும், ஸ்டெல்லாவை மாட்டிவிட்டேனே' என்ற இன்னொரு கவலை. மலை சரிந்திருக்கிறது, நீ புத்தகத்தை நினைக்கிறாயே என்று என்மேலேயே எரிச்சல். மனசுக்கு இதெல்லாம் புரிகிறதா என்ன?

புதன்கிழமை பாதை திறந்தது. முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஸ்டெல்லா குடையோடு காத்திருந்தார்.

"மொதல்ல பிள்ளைகளப் பாப்போம் டீச்சர். புஸ்தகத்தப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார். ஆனால் அவர் கக்கத்தில், பொலித்தீனில் சுற்றிய கொப்பி!

பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. நாங்கள் மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தோம்.

தரையில் பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். கண்கள் மூடி. அசைவில்லாமல். ஒரு நொடி எனக்கு உயிர் போய்விட்டது. ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வரிசையின் நடுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஆடாதீங்க! திமிங்கிலம் ஆடுனா அளக்க முடியாது!"

தர்ஷினி! கையில் கடல் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"மிஸ், ஒரு ஆளு நாலடின்னு வச்சிருக்கோம். பதினெட்டு பேரு படுத்தும் எழுபத்திரண்டு அடிதான் வருது. திமிங்கிலத்துக்கு இன்னும் வால் வரல!"

ஒருவர் தலையில் அடுத்தவர் கால் படும்படி, மண்டபத்தின் இந்த மூலையிலிருந்து அந்தக் கதவு வரை பிள்ளைகள்.

தர்ஷினியின் அம்மா பரமேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றார். "கையில கெடச்சத எடுத்துக்கிட்டு ஓடியாந்தோம் டீச்சர். இங்க வந்து பொறப்புச் சான்றிதழ் வச்ச பையத் தொறந்தா, உள்ள இந்தப் புஸ்தகம்! நான் வைக்கல. இவதான் மொதல் நாளே அதுல பத்திரமா வச்சிருக்கா."

இன்னும் சில புத்தகங்களும் அப்படியே வந்து சேர்ந்திருந்தன. சில நனைந்து உப்பியிருந்தன. மூன்று மட்டும் வரவில்லை. அதில் ஒன்றை எடுத்துப்போன குட்டிப் பெண் வரிசையிலிருந்து எழுந்து வந்து ஸ்டெல்லாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "மிஸ், என் புக்கு மண்ணுக்குள்ள போயிருச்சு..."

நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தைரியமில்லை.

"நீ வெளிய வந்துட்டில்ல? போ, போய்ப் படு. திமிங்கிலத்துல ஓட்ட விழுந்துருக்கு பாரு" என்றார் ஸ்டெல்லா. கொப்பியை என்னிடம் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய்த் தானும் படுத்துவிட்டார்!

சிரிப்பு வெடித்தது. அடுத்துப் பரமேஸ்வரி. அவரோடு இன்னும் மூன்று அம்மாமார். வரிசை கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது.

"பெரியவங்க அஞ்சடி! இன்னும் மூனடிதான் வேணும். மிஸ், நீங்க வாங்க. ஆனா கால மடக்கிக்கங்க!"

மடக்கிக்கொண்டேன். கூரைத் தண்ணீர் என் முழங்காலில் சொட்டியது.

"நூறு!" என்று தர்ஷினி கத்தியபோது, அண்டா பக்கம் நின்றவர்கள் அகப்பையோடு ஓடிவந்து பார்த்தார்கள்.

வாசிகசாலையை மூடுவார்களா? தெரியாது. நடந்ததை நடந்தபடியே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டெல்லா காத்திருக்கிறார். அந்தக் குடும்பங்கள் எப்போது, எந்த வீட்டுக்குத் திரும்பும்? அதுவும் தெரியாது. எனக்கு இன்னும் உட்கார முடியவில்லை.

'பிள்ளைகளை வாசிக்கவைக்க என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?' என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மிச்சத்தை அவர்களே நடத்திக்கொள்வார்கள்.

தரையை மட்டும் கூட்டி வைத்துவிடுங்கள்... நீங்களும் படுக்க வேண்டி வரலாம்!