இருபதாம் வாரத்தில் எங்கள் சந்தி

பேர்கனில் யாரும் திகதி சொல்வதில்லை. லீவு எப்போது வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டார். யூலை பதினெட்டு, திங்கட்கிழமை என்றேன். "எல்லா வாரத்திலும் திங்கள் இருக்கிறது. இது எத்தனையாம் வாரம்?" என்று பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். நோர்வேயில் வருடம் இலக்கமிட்ட வாரங்களாக ஓடுகிறது. பல் வைத்தியருக்கும் வாரம், பாடசாலைக்கும் வாரம். பத்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்றே புதுக் கலண்டர் வாங்கி இலக்கங்களைப் பாடமாக்கினேன். அந்தப் பெருமைதான் வதனிக்கு வினையாயிற்று.

இந்த வருடம், 2005இல், நாங்கள் மூன்று பேர் வலைப்பதிவு எழுதினோம். நான் இங்கே, சிவம் ரொறன்ரோவில், வதனி கிளிநொச்சியில். வதனி வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் வந்து ஓர் இணையக் கடையில் வேலை செய்தாள். காலையில் ஆள் வராத ஒரு மணித்தியாலம் எழுத முதலாளி விட்டிருந்தார். வெளிநாட்டில் நாலு பேர் வாசித்தால் கடைக்கும் பேர் என்பது அவருடைய எண்ணம். மே நடுப்பகுதிக்குள் வாசகர் வராவிட்டால் அந்த மணித்தியாலம் கணினி வகுப்புக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

எங்களுக்கு வந்த பின்னூட்டங்களோ எங்களுடையவைதான். "ஒராளை ஒராள் வாசிச்சுக்கொண்டிருந்தா அது பதிவில்லை அண்ணை, கடிதம்" என்றான் சிவம். ஆகவே திட்டம் போட்டோம். ஒரே வாரத்தில், ஒரே தலைப்பில், மூன்று பேரும் எழுதுவது. ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் இணைப்புக் கொடுத்து, தன் வாசகரை அங்கே அனுப்புவது. தலைப்பு, எங்கள் சந்தி. அட்டவணை போட்டவன் நான். சிவத்துக்குத் தொலைபேசியில் நாளைச் சொன்னேன். வதனிக்கு மின்னஞ்சலில் "இருபதாம் வாரம்" என்று மட்டும் எழுதினேன்.

அவள் ஒரு வாரம் முந்தி எழுதிவிட்டாள். பரந்தன் சந்தியில் பஸ் மாறுவதைப் பற்றி, எங்கள் மூவரிலும் திறமான பதிவு. இணைப்பு இல்லை, ஆளும் இல்லை. நான் இரவும் பகலுமாக வேலை மாறி மாறிச் செய்த வாரம், பதிவையே பார்க்கவில்லை. முதலாளி தினமும் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"நீங்கள் சொன்ன இருபதாம் கிழமைதானே எழுதினனான்" என்றாள் தொலைபேசியில். "ஜனவரி ஒண்டில இருந்து எண்ணினனான்."

எண்ணிப் பார்த்தேன். இந்த வருடம் சனிக்கிழமையில் பிறந்தது. அந்தச் சனியையும் ஞாயிறையும் இந்த நாட்டுக் கலண்டர் போன வருடத்தின் ஐம்பத்து மூன்றாம் வாரத்தில் சேர்த்திருந்தது. அவளோ அந்த ஒரு சனியோடு முதல் வாரத்தை முடித்து, ஞாயிறிலிருந்து இரண்டாம் வாரத்தைத் தொடங்கியிருந்தாள். புதுவருடப் பிறப்பு போன வருடத்துக்குள் கிடக்கும் என்று யார் நினைப்பார்கள்? திகதி போட்டிருந்தால் முடிந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன்.

"பறவாயில்லை அண்ணை. உங்கட நாட்டுக் கிழமை எங்கட கடையில செல்லாது போல. வகுப்புப் பிள்ளையள் வந்திட்டினம், வைக்கிறன்."

இருபதாம் வாரத்தில் எங்கள் இரு பதிவுகளும் வந்தன. இணைப்பைப் பிடித்து ஆட்கள் போனார்கள், எல்லோரும் வதனியிடமே. பஸ் நிற்கிற இடத்து மரம் இன்னும் நிற்கிறதா? மூலைத் தேத்தண்ணிக் கடை திறந்துவிட்டதா? பாரிஸிலிருந்து, லண்டனிலிருந்து, அவுஸ்திரேலியாவிலிருந்து. பதில் சொல்ல அவளுக்குக் கணினி இல்லை. முதலாளி கேள்விகளை வாசித்துச் சந்தோசப்பட்டாராம். ஆனால் வகுப்புக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

அவள் எனக்குக் கடவுச்சொல்லைத் தந்தாள். ஞாயிறுதோறும் நான் கேள்விகளை வாசிப்பேன், அவள் சொல்வாள், நான் தட்டுவேன். "மரம் நிக்குது எண்டு போடுங்கோ. ஒரு கொப்பு முறிஞ்சு போச்சு, அதையும் போடுங்கோ." அவள் பெயரில் அது பதிவாகும், பேர்கன் நேரத்தில். பரந்தன் என் ஊர். அந்த மரத்தை நான் பார்த்துப் பத்து வருடம்.

சென்ற ஞாயிறு தொலைபேசி கிடைக்கவில்லை. புதிதாக ஒரே ஒரு கேள்வி இருந்தது. "தங்கச்சி, அங்கே மழையா?" யன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. "ஓம், நல்ல மழை" என்று தட்டிவிட்டு, அழித்தேன். பிறகு மீண்டும் தட்டினேன். இன்னும் அனுப்பவில்லை.