ஷீட்டில் போட்ட முதல் சிவப்பு

ஆர்டர் புடிச்சதுல இருந்து சரக்கு அனுப்பற வரைக்கும் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதுசா வந்திருக்கற புள்ளைங்களுக்காக இதை எழுதறேன். சோமனூர்ல ஒரு டவல் கம்பெனியில இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவ நான்.

ஒரு நாள் காலையில லேப்ல இருந்து சாம்பிள் டவல் திரும்பி வந்துச்சு. சாயம் ஒட்டுதான்னு பாக்கக் கூட வெச்சுத் தெச்ச வெள்ளைத் துணி பூராவும் காப்பிக் கலர். பார்டர் நூல்ல சாயம் எறங்குது! சரக்குப் போக இன்னும் ஒம்பதே நாள். லண்டன்ல இருக்கற எலன் அம்மாதான் எங்ககிட்டச் சரக்கு வாங்கற ஒரே வெளிநாட்டுப் பையர். அவங்க கைவிட்டாப் பாதித் தறி நின்னுபோகும்.

எலன் எழுதற மெயில் எல்லாமே கலர்தான். வேலையை ஆரம்பிக்கச் சொன்னா ‘கிரீன் லைட்’. ஆபத்து தெரிஞ்சா ‘ரெட் ஃபிளாக்’. ரெண்டுங்கெட்டானா இருந்தா ‘கிரே ஏரியா’. அர்த்தமெல்லாம் எனக்கு அத்துப்படி. அதும்படி நடந்துக்கத்தான் தெரியலை.

வாராவாரம் அவங்களுக்கு ஒரு ஷீட் அனுப்பணும். வேலை சரியா நடந்தா பச்சை, சந்தேகம்னா மஞ்சள், சிக்கல்னா சிவப்பு. ரெண்டு வருஷமா நான் பச்சையைத் தவிர எதுவும் போட்டதில்லை. நம்மூர்ல மூஞ்சிக்கு நேரா ஆரு ‘ஆகலை’ன்னு சொல்லுவாங்க? நூலுக்குச் சாயம் போடற டையிங் மாஸ்டர் சண்முகண்ணனைக் கேட்டா, “ஆச்சுங்க அம்மணி”ம்பார். நூல் சாயத் தொட்டிக்கே போயிருக்காது. அவர் மரியாதைக்குச் சொல்லுவார், நானும் மரியாதைக்குப் பச்சை போட்டுருவேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “இந்த வாரமும் பச்சையே போட்டுருங்க கண்ணு. ‘ஒயிட் லை’ன்னு சொல்லுவாங்கல்ல, வெள்ளைப் பொய், அதுதானுங்க. ஆருக்கும் கெடுதல் இல்லை.”

“வாங்கறவங்க ஊட்டுத் துணியெல்லாம் கறையாயிருமுங்க. இது ஒயிட் லை இல்லீங்க, பச்சைப் பொய்.”

“ஆர்டர் போச்சுன்னா நீங்க பொறுப்புங்களா?”

“பொறுப்புங்க”ன்னுட்டேன். சிவப்புப் போட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பிச்சுபோட்டேன்.

மத்தியானம் எலனே போன்ல வந்தாங்க. “இது அவுட் ஆஃப் த ப்ளூதான், நான் எதிர்பாக்கவே இல்லை. ஆனா கடைக்கு வந்தப்பறம் தெரிஞ்சிருந்தா எல்லாமே முடிஞ்சிருக்கும். நூலை மாத்துங்க, மூணு வாரம் தர்றேன்”னாங்க. அதோட, “ரெண்டு வருஷமா எல்லாமே பச்சையா இருந்துச்சே, அதுதான் எனக்குப் பெரிய ரெட் ஃபிளாக்”னு சிரிச்சாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. உசுரும் வந்துச்சு.

முதலாளி ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. மூணாம் நாள் அவரே, “டையிங்ல என்ன நெலவரம்னு உள்ளபடி கேட்டு எழுதுங்க கண்ணு”ன்னார்.

கெட்ட சேதியை முன்னாடியே சொல்றதும் மரியாதைதான், புள்ளைங்களா. இதை நான் சண்முகண்ணனுக்குச் சொல்ல வேண்டியே வரலை. அடுத்த திங்கக்கெழமை, நான் கேக்கறதுக்கு முன்னாடி அவரே போன் பண்ணினார்.

“ஏனுங்க அம்மணி, ரெண்டாவது தொட்டியில கலர் சேரலீங்க. சிவப்புப் போட்டுக்குங்க.”