அத்தை பேரில் ஓடிய கார்

பெரியப்பா பேசும்போது அவருடைய வலது கை சும்மா இருக்காது. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டேதான் பேசுவார். வளையத்தில் பித்தளையில் ஒரு குட்டி வேல் தொங்கும். அது சாவியில் இடித்துக் கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இதை எழுதும்போதும் வருகிறது. உறவில் பெரியவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அவர் வசதியான ஆள். ஏரிப் பாசனத்தில் நெல் நிலம், மாடி வீடு, வாசலில் இரும்புக் கேட். அரசாங்கம் ஓர் உதவியை அறிவித்தால், அது தனக்குக் கிடைக்குமா என்றுதான் மற்றவர்கள் விசாரிப்பார்கள். பெரியப்பாவோ யாருக்கெல்லாம் கிடைக்காது என்ற பகுதியை மட்டும் கருத்தாகப் படிப்பார். அங்கே எழுதியிருப்பதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்பது அவருக்குத் தெரியும். நிலம் கூடுதலாக இருக்கக் கூடாது என்றால் மகன்கள் பேருக்குப் பிரித்து எழுதி, ஆளுக்கொரு ரேஷன் கார்டு வாங்கிவிடுவார். கரண்டு இத்தனை யூனிட்டைத் தாண்டக் கூடாது என்றால் மாடிக்கு ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர். "ரூல் தெரிஞ்சவனுக்குத்தாண்டா கவர்மெண்டு" என்பார். சாவி ஒரு சுற்றுச் சுற்றும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை நானும் சிரித்திருக்கிறேன்.

மகளிர் உரிமைத்தொகைக்கான விதிகள் வந்தபோது அவர் காருக்கு முன்பணம் கட்டியிருந்தார். குடும்பத்தில் கார் இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தொகை கிடையாது. பெரியம்மாவுக்கு வரப்போகும் தொகையை விட்டுவிட அவருக்கு மனமில்லை. காரையும் விட மனமில்லை. அப்போதுதான் அவருக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது.

அந்தத் தங்கைதான் என் அத்தை. கணவர் ஓர் இரும்பு உருக்காலையில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்து இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஓட்டு வீடு, தனி ரேஷன் கார்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்க, விடியும் முன்பே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குப் பெரியப்பா மைசூர்பாகு டப்பாவோடு போனார். "ஊட்டுக்குப் பொறந்த பொண்ணு பேர்ல வண்டி வாங்குனா ராசிம்மா. உன் கையால ஒரு கையெழுத்துப் போடு, போதும்." எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டுதான். அண்ணன் தன்னை நினைத்துக்கொண்டாரே என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டார். போட்டோவும் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டிக்குப் பூஜை போட்ட நாளில் நானும் இருந்தேன். அத்தை தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து வண்டியின் முன்னால் நின்றார். ஆரத்தித் தட்டோடு வந்த பெரியம்மா தயங்க, பெரியப்பா குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்: "நீ கொஞ்சம் அப்பால நில்லும்மா. நல்ல காரியம்." தாலி அறுத்தவள் எதிரே நிற்கக் கூடாதாம். ராசிக்கு அவள் பேர் வேண்டும், ஆள் வேண்டாம். அத்தை வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். அந்த இடத்திலேயே நான் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் கை பரபரக்கிறது.

கேன்டீனை வேறு காண்ட்ராக்டர் எடுத்ததும் வயதானவர்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். பிரஷர் மாத்திரைக்கும் சிலிண்டருக்கும் அந்த உரிமைத்தொகை ஒன்றுதான் வழி என்று அத்தை விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் தகுதியில்லை என்று படித்துச் சொன்னேன். "நான் காரு வச்சிக்கினு கீறேனா, நைனா?" என்று சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காரில் அத்தை ஏறியதே கிடையாது. ஒரு தடவை காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டபோது, "ஷேர் ஆட்டோதான் வருதே" என்று அனுப்பிவைத்தவர் பெரியப்பா. இப்போது போய்க் கேட்டபோதும் அவர் அசரவில்லை. "இதுக்கா பேஜாராவுற? மேல்முறையீடு போடு. வி.ஏ.ஓ. விசாரிக்க வருவாரு. வண்டிய ஆந்திராக்காரனுக்கு வித்துட்டேன், பேரு மாத்தாம ஓட்டிக்கினு போய்ட்டான்னு சொல்லு. அவ்ளோதான்." சாவி சுழன்றது. பொய்யும் தங்கையே சொல்ல வேண்டும், நாளை மாட்டினால் தங்கையே மாட்ட வேண்டும். இதற்குப் பெயர் சாமர்த்தியமாம்.

மேல்முறையீடு போட்டோம். வி.ஏ.ஓ. காலையிலேயே வந்துவிட்டார். அத்தை வீட்டு வாசலில் நின்றபடி, "கார் உங்க பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார். பெரியப்பா பக்கத்திலேயே நின்று சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். பொய் சொன்னால் மாதாமாதம் தொகை வரும். உண்மையைச் சொன்னால் ஒன்றும் இல்லை. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஆமா சார், காரு என்துதான். எனக்குத் தகுதி இல்லன்னே எழுதிக்குங்க. ஆனா சாவி எங்கண்ணன் கையில கீது. அத வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

பெரியப்பாவின் விரல் நின்றுவிட்டது. "இன்னாம்மா வெளையாடுற? அது என்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அது என் வண்டி என்று வி.ஏ.ஓ. முன்னால் எப்படிச் சொல்வார்? பெரியம்மா வாங்கும் தொகைக்கு அன்றைக்கே முடிவு கட்டியது போலாகும். ரூல் தெரிந்த மனிதர் அல்லவா, ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டார். வி.ஏ.ஓ. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாவி வாங்கிக் குடுக்கறது என் வேலை இல்லைங்க. ஆனா பேர் அவங்களுதுதான்" என்று மட்டும் சொன்னார். அத்தை கையை நீட்டியபடியே நின்றார். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் பெரியப்பா சாவியை அந்தக் கையில் போட்டார். ஒரு மனிதர் தோற்பதை என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றது. அத்தை காரை விற்று, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு என்னோடு வந்து முறையாகப் பேரை மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை அரசாங்கம் மனு வாங்கியபோது மறுபடி விண்ணப்பித்தோம். இன்னும் பதில் வரவில்லை. சாவியை வண்டியோடு கொடுத்த அத்தை, வேல் தொங்கும் அந்த வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். இப்போது அதில் அவர் வீட்டுப் பூட்டின் சாவி தொங்குகிறது.

போன வாரம் நான் அத்தை வீட்டில் இருந்தபோது பெரியப்பா வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா. ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்து நலம் விசாரித்தார். டிராக்டர் வாங்கப் போகிறாராம். மகன்கள் கார்டில் மருமகள்களும் தொகை வாங்குகிறார்கள், அவர்கள் பேரில் வாங்க முடியாதாம். "என்ன இருந்தாலும் உன் கை ராசியான கைம்மா. ஒரு கையெழுத்துப் போடு" என்றார். அத்தையின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, டிராக்டர் அவர் பேரில் வந்தால் அதுவும் போகும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்துவிட்டேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு, இடுப்பிலிருந்து அந்த வளையத்தை எடுத்து விரலில் மாட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"போட்றேண்ணா. சாவிய மொதல்ல குடு."