கரடியைப் பார்த்துத் தைத்த கோட்டு

குளிரே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிருக்குக் கோட்டுத் தைப்பது எங்கள் பிழைப்பு. நீங்களும் கத்தரி பிடித்தவராக இருந்தால் தெரியும்: துணி பேசாது, போட்டுக்கொள்ளப் போகிறவரின் வீட்டார்தான் பேசுவார்கள். ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர்த் தேக்காவில் எனக்கு ஒரு மிஷினும் பாதிக் கடையும் இருந்தன.

உத்தரவாதம்

செம்பவாங்கிலிருந்து ஓர் அம்மாள் மகளோடு வந்தார். மகள் சரோஜாவுக்கு இங்கிலாந்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கப்பலுக்கு மூன்று வாரம். சிறு வயதில் மூச்சிரைப்பால் அவதிப்பட்ட பெண். இடுப்பைப் பிடித்தாற்போல் வேண்டும் என்றாள், அப்படியே தைத்தேன்.

போட்டுப் பார்க்க வந்த அன்று அம்மாள் கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதுல குளிராதுன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லுங்க. சொன்னாத்தான் இவ கப்பல் ஏறுவா" என்றார். நானோ பிறந்ததிலிருந்து குளிரைக் கண்டதே இல்லை.

வாத்தியார் கொண்டுவந்த புத்தகம்

என்னிடம் கால்சட்டை தைத்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் புலம்பினேன். மறுநாள் துருவப் பிராணிகளைப் பற்றிய படப்புத்தகத்தோடு வந்தார். வெண்கரடிக்கு இரண்டடுக்கு ரோமமாம்: மேலே தண்ணீரை உதறும் நீள ரோமம், அடியில் நெருக்கமான மெத்தை. பனிநரிக்குச் சூடு வெளியே ஓடாதபடி சின்னக் காது. தூங்கும்போது வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொள்ளும். கடல்நாய்க்குத் தோலுக்கடியில் நாலு விரல் கனத்துக்குக் கொழுப்பு. "கரடி ஒண்டும் இறுக்கிப் போடேல்லைத் தம்பி. உள்ளுக்க நிக்கிற காத்துதான் அதைக் காப்பாத்துது" என்றார்.

கோட்டைப் பிரித்தேன். தாராளமாக விட்டு, உள்ளே கம்பளியில் தனி அடுக்கு வைத்தேன். காதை மூடும் தொப்பி, மூக்குவரை சுற்ற மஃப்ளர். கொழுப்புக்கு மட்டும் என்னால் வழி செய்ய முடியவில்லை. சரோஜா கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். "அண்ணே, கரடியே தேவலை."

ஐஸ் அறை

அம்மாளுக்கு நான் காட்டிய கரடிப் படத்தில் நம்பிக்கை இல்லை. பக்கத்து ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி எனக்குப் பழக்கம். ஐஸ் பாளங்கள் அடுக்கும் அறையில் சரோஜாவைப் பத்து நிமிஷம் நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். "அவ வேணாம்" என்று அம்மாள் தானே கோட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, தொப்பியும் மஃப்ளருமாக உள்ளே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

பத்து நிமிஷத்தில் கிராணி கதவைத் திறந்து, "போதும் லா அம்மா, வெளிய வாங்க" என்றார். அம்மாள் அசையவில்லை. இன்னும் கால் மணி போனது. அந்த அம்மாள் நடுங்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் நடுக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தவர் மஃப்ளரை அவிழ்த்து மகள் கழுத்தில் சுற்றினார். கண் கலங்கியிருந்தது. "குளிரலை. இனிமே இவளைப் போகாதேன்னு சொல்ல எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல."

வெண்கரடிக்கு உடுப்பு உடம்போடு வளர்ந்துவிடுவதால், அதன் தாயாருக்குப் பதில் சொல்லும் பாக்கியம் எந்தத் தையற்காரனுக்கும் கிடைப்பதில்லை.