எட்டுச் செலவுக்கு ஒரு கொப்பி

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்த ரயிலில் என் எதிரே இருந்தவர் உரும்பிராய்த் தோட்டக்காரர். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். ஒரு கிழமையாகக் கொழும்பின் பெரிய ஹோட்டல்களில்தான் சாப்பாடாம். அடிக்கடி ஒரு கொப்பியை எடுத்து வாசித்தார்: வெண்ணெய் இறால், பொரித்த வாத்து, சொக்லேட் கேக்.

"உதெல்லாம் என்னத்துக்கு எழுதினனீங்கள், ஐயா?"

"செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, செத்தவருக்கு விருப்பமானதைப் படைக்கோணுமெல்லே, தம்பி? எனக்கு என்ன விருப்பமெண்டு மனுசி கேட்டவ. எனக்கே தெரியேல்லை."

துண்டு விலகியபோது தொண்டையில் கட்டி தெரிந்தது.

"அப்ப எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

"தொண்டையாலை எங்கை இறங்கினது? மணந்து பாத்திட்டு எழும்பி வந்தன். செத்தாப்பிறகும் மணம்தானே."

என் கையிலிருந்த வடையை உற்றுப் பார்த்தார். நீட்டினேன். கண்ணை மூடி மணந்துவிட்டுத் திருப்பித் தந்து, அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அந்த வடை பிறகு எனக்கும் இறங்கவில்லை.